தூண்டிலும் தாய் விராலும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, வேலந்தாவளத்து எல்லையில் ஒரு குடும்பம் போல் வாழ்கின்ற காலனிப் பெருமக்களே! தாய்மார்களே! முன்வரிசையைப் பிடித்து அமர்ந்திருக்கும் இளஞ்சிறார்களே!

நமக்கு முன் பேசியவர்கள் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் சுவைபடப் பேசினார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லாடி வரும் யாம் அவற்றைப் பற்றிப் பேச முற்படுவது அடாத செயல். ஆகவே செயலாளர் அவர்கள், "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்று பணித்தார்கள். எமக்குத் தெரிந்தது இரண்டே. ஒன்று பயணச்சீட்டுக் கணக்கு. மற்றொன்று தூண்டில். முதலாவதைப் பேசினால் அவை கலைந்துவிடும் என்று அஞ்சி, இரண்டாவதை எடுத்துக்கொண்டோம்.

சிரிக்கின்றீர்கள். தமிழ்ச் சங்கத்து மேடையில் தூண்டிலுக்கு என்ன வேலை என்று எண்ணலாம். வள்ளுவர்க்கு அது வேலையற்ற பொருளாகப் படவில்லை. சூது என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே, சூதாடிப் பெற்ற வெற்றி, தூண்டிலின் இரும்பை இரையென்று மீன் விழுங்கியது போலாம் என்று உரைத்தார். குறுந்தொகையில் பாடிய ஒரு புலவர்க்கு இயற்பெயரே மறைந்து, மீனெறி தூண்டிலார் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. யானை வளைத்துவிட்ட மூங்கில் விசைத்து எழுவதற்கு, மீன் பட்டவுடன் உயரும் தூண்டிற் கழியை அவர் உவமை கூறினார். ஆதலின் தூண்டில் நம் அவைக்கு அயலான் அல்லன்.

இதனைப் பேச மற்றொரு காரணமும் உண்டு. ஞாயிறுதோறும் நம் காலனிச் சிறுவர்கள் மிதிவண்டியில் கழியைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குச் செல்வதைக் காண்கிறோம். கைப்பேசியில் அமெரிக்கர் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிக்கும் காட்சிகளைப் பார்த்துவிட்டு, "மாமா, நம் ஏரியில் பாஸ் கிடைக்குமா? அதற்கு எந்த இரை சிறந்தது?" என்று எம்மைக் கேட்கிறார்கள். அவர்கட்குச் சொல்ல வேண்டிய விடையே இந்தச் சொற்பொழிவு. இறுதியில் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு.

எமக்குத் தூண்டிலைக் கற்பித்தவர் எம் தந்தையார். சிவகங்கைச் சீமையில் கண்மாய்க்கரைச் சிற்றூர் ஒன்றே எம் ஊர். கோடையில் கண்மாய் வற்றும்போது அங்கே மீன்பிடித் திருவிழா நடைபெறும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்தக் கணமே ஊத்தாவும் கச்சாவும் ஏந்திய நூற்றுக்கணக்கானோர் சேற்றில் இறங்குவர். துண்டு வீசுவதற்கு முன் ஒருவரும் இறங்கலாகாது. அது ஊர்க் கட்டுப்பாடு. தந்தையார் மட்டும் அந்த ஆரவாரத்தை விரும்பாமல், ஆண்டு முழுவதும் மூங்கிற்கழியோடு மடையடியில் தனித்து அமர்ந்திருப்பார். எமக்குப் பதினான்கு வயது நடக்கும்போது அவர் மறைந்தார். அதன் பின் எம்மை எம் அன்னையார் ஒருவரே வளர்த்தார்கள். கூலி வேலை செய்து பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார்கள். அதற்கு மேல் குடும்பம் தாங்கவில்லை. தந்தையார் விட்டுச் சென்ற சொத்து ஒரு மூங்கிற்கழியும், ஈயக்குண்டும் முள்ளும் அடங்கிய ஒரு தகரப் பெட்டியுமே.

அந்தப் பெட்டியோடுதான் இங்கு வந்து சேர்ந்தோம். இந்தச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி, கேரளம் என்றவுடன் மனத்தில் தோன்றும் ஓயாத மழை நாடு அன்று. மழை குறைந்த பூமி. கரிசலும் நிலக்கடலையும் பனையும் உள்ள மண். ஊருணியையும் கண்மாயையும் பார்த்து வளர்ந்த எமக்கு, இங்குள்ள மக்கள் 'ஏரி' என்றே தமிழில் அழைக்கும் நீர்நிலைகளைக் கண்டதும் சொந்த ஊருக்கு வந்தது போல் இருந்தது. நம் பக்கத்துக் கோரையாறும், அப்பால் வாளையாறும் வரட்டாறும் மலம்புழையும் கூடிக் கல்பாத்திப் புழையாகின்றன. அது பறளியில் கண்ணாடிப் புழையோடு சேர்ந்து பாரதப்புழையாகிக் கடலை நோக்கிச் செல்கிறது. மலம்புழை அணை 1955-இல் திறக்கப்பட்டது. அணை, தடுப்பணை, ஏரி, குளம் என்று மீனுக்கும் தூண்டிலுக்கும் குறைவில்லாத வட்டாரம் இது.

இனிச் சிறுவர்களின் கேள்விக்கு வருவோம். பாஸ் நம் ஏரியில் இல்லை. இருக்கவும் வேண்டா. அது வட அமெரிக்காவின் நன்னீர் மீன். 1925-இல் அதனை ஜப்பானுக்குக் கொண்டு சென்று ஆஷி என்னும் ஏரியில் விட்டார்கள். நாளடைவில் அது நாடெங்கும் பரவி, அந்நாட்டுச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கும் பகையாயிற்று. 2005 முதல் அதனை வளர்ப்பதும் உயிரோடு எடுத்துச் செல்வதும் வேறு நீரில் விடுவதும் அங்கே சட்டப்படி குற்றம். விந்தை யாதெனில், உலகிலேயே மிகப் பெரிய பாஸ் என்னும் பெருமையில் பாதி இன்று ஜப்பானிய ஏரிக்கே உரியது. 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்பார் பிடித்த மீன் ஏறத்தாழ 10 கிலோ எடை. 77 ஆண்டுகள் அதனை ஒருவரும் எட்டவில்லை. 2009-இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பார் பிடித்த மீன்தான் அதற்கு நிகராக நின்றது.

சிறுவர்களே! அந்தப் பாஸ் செய்யும் வித்தைகள் அனைத்தையும் செய்யும் மீன் ஒன்று நம் ஏரியிலேயே உண்டு. அதுவே விரால். மலையாளத்தில் வரால் என்பர். ஆங்கிலேயர் இதனை 'மர்ரல்' என்றனர். சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873-இல் இந்தியத் தூண்டிற் கலையைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று எழுதினார். பின்னர் 1887-இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே தனி நூலும் எழுதினார். நம் குளத்து மீன்களை அவர் அவ்வளவு மதித்தார்.

பாஸைப் போலவே விராலும் விரட்டிப் பிடிக்கும் மீன் அன்று, பதுங்கிப் பாயும் மீன். அல்லி, தாமரை இலைகளின் விளிம்பு, கோரைப்புல்லின் அடி, மதகின் நிழல், கரைக் கல்லின் இடுக்கு ஆகிய இவையே அதன் வீடு. பாஸுக்கு இல்லாத ஒரு தன்மை விராலுக்கு உண்டு. செவுள் மட்டும் அதற்குப் போதாது. தலைக்குள் உள்ள தனி உறுப்பால் காற்றையும் மூச்சாகக் கொள்கிறது. ஆகவே அவ்வப்போது நீர்ப்பரப்புக்கு வந்து வாய் வைத்தே தீரவேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சடைத்து மாண்டு போகும். தூண்டிற்காரனுக்கு இதுவே முதற்பாடம். கரைக்குச் சென்றவுடன் தூண்டிலை வீசாதீர்கள். கால் மணி நேரம் ஓசையின்றி உட்காருங்கள். விரால் காற்றுக் குடிக்கும் இடத்தில் ஒரு மெல்லிய ஓசையும், அதனைத் தொடர்ந்து ஒரு வட்ட அலையும் எழும். மீன் தன் முகவரியைத் தானே சொல்லிவிடும்.

காலம், விடியலும் அந்தியும். வெயில் ஏறினால் நிழலைத் தேடுங்கள். இடி மின்னல் தொடங்கினால், எத்தனை பெரிய மீன் கண்ணில் பட்டாலும், கழியைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்புங்கள். இன்றைய கழிகள் பல மின்சாரம் கடத்தும் பொருளால் ஆனவை. அணையில் மீன்பிடிக்கத் துறையினரின் இசைவு வேண்டும். மதகு திறக்கும் வேளையில் அதனருகே நிற்கவே கூடாது.

இனி இரை. எம் தந்தையார் காலத்தில் மண்புழுவும், சிறு கெண்டையும், தவளையும் இரையாயின. உயிர்த்தவளையின் முதுகில் முள்ளைக் கோத்து இலைகளின்மேல் விடுவார்கள். விராலுக்கு அதைவிட விருப்பமான இரை இல்லை என்பது உண்மை. ஆனால் யாம் அதனைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆயின. தவளை பயிர்ப்பூச்சிகளையும் கொசுக்களையும் தின்று நம்மைக் காப்பது. ஒரு காலத்தில் தவளைக்கால் கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றது. வயல்களில் தவளை அருகிப் பூச்சி பெருகக் கண்ட பின் 1987-இல் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பெருந்தவளை இன்று காட்டுயிர்ச் சட்டத்தின் காப்பில் உள்ளது. எனவே உயிர்த்தவளை வேண்டா.

அதற்குப் பதில்தான் பொய்யிரை. சிறுவர்கள் 'லூர்' என்று ஆங்கிலத்தில் சொல்வது இதனையே. எமக்குப் பிடித்தவை நான்கு.

முதலாவது, ரப்பர் தவளை. உள்ளே வெற்றிடமான மெல்லிய உடல், முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும் இரண்டு முட்கள். இலையிலும் பாசியிலும் சிக்காது. மீன் கடித்தவுடன் உடல் அமுங்கி முட்கள் வெளிப்படும். இதனை மீன் இருக்கும் இடத்திலேயே வீழ்த்தக் கூடாது. நான்கு முழம் அப்பால் வீசி, இலைகளின்மேல் தத்தித் தத்தி இழுத்து வரவேண்டும். இலைக்கு இடையே நீர் தெரியும் சிறு திட்டு வந்தவுடன் அங்கே நிறுத்துங்கள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் விரால் பாயும். வெடி வெடித்தாற்போல் ஓசை கேட்கும். உள்ளம் துள்ளும், கை தானே கழியை இழுக்கும். இழுத்தால் தவளை மட்டும் வானில் பறந்து உங்கள் மடியில் விழும். கழியின் நுனியை மீன் பக்கம் தாழ்த்தி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுங்கள். மீன் வாயை மூடித் திரும்பும். நூல் கனக்கும். அப்போது இழுங்கள். இந்த மூன்று எண்ணுவதற்கு எமக்கு ஓராண்டுப் பயிற்சி ஆயிற்று.

இரண்டாவது, கரண்டி. கைப்பிடியில்லாத சிறு கரண்டி போன்ற வளைந்த தகடு. அமெரிக்கரான ஜூலியோ பியூல் என்பவர் 1852-இல் இதற்கு உரிமம் பெற்றார். திறந்த நீரில் வீசிச் சீராகச் சுற்றி இழுத்தால், அடிபட்ட சிறுமீன் போல் புரண்டு மின்னும். பாசி உள்ள இடத்தில் பயனில்லை. தடுப்பணையின் கீழ் நன்கு உதவும்.

மூன்றாவது, மென்புழு. 1949-இல் அமெரிக்காவில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டு அடுப்பங்கரையில் உருக்கி வார்த்தது இது என்பர். முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்து, அடித்தரையில் ஊர்ந்து வருமாறு மெல்ல இழுக்க வேண்டும். மேலே வரச் சோம்பும் வெயில் வேளைக்கு ஏற்றது.

நான்காவது, மரமீன். பின்லாந்து நாட்டில் லௌரி ரப்பாலா என்னும் ஏழை மீனவர் 1936-இல் செருப்புத் தைப்பவர் கத்தியால் தக்கையைச் செதுக்கி ஒரு சிறுமீன் செய்தார். சாக்லேட் சுற்றிய தாளை அதன்மேல் ஒட்டிப் பளபளப்பாக்கினார். புகைப்படச் சுருளை உருக்கி மேற்பூச்சாக்கினார். வாங்கப் பணமில்லாதவர் செய்த அந்தப் பொய்யிரை பின்னர் உலகெங்கும் விற்பனையாயிற்று.

இந்த வரலாற்றைப் படித்த ஊக்கத்தில் யாமும் ஒரு கண்டுபிடிப்பில் இறங்கினோம். கடையில் ரப்பர் தவளை விற்கும் விலை எழுத்தரின் சம்பளத்துக்குச் சற்று மிகை. வீட்டு வாயிலில் கிடந்த பழைய ரப்பர் செருப்பை எடுத்துத் தவளை வடிவில் அறுத்து, இரண்டு முட்களைக் கட்டி, ரப்பர் வளையங்களைக் கால்களாகத் தொங்கவிட்டோம். அது பழைய செருப்பு அன்று என்பதும், இல்லத்தரசியார் முதல் நாள்தான் அதனை வாங்கி வந்தார்கள் என்பதும் மறுநாள் காலையில் விளங்கிற்று. ஆயினும் அந்தச் செருப்புத் தவளை இன்றளவும் விரால் பிடிக்கிறது. சிறுவர்கள் வந்தால் செய்யக் கற்றுத் தருவோம். செருப்பு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

நூல், பின்னல் நூலாக இருத்தல் நன்று. விரால் கடித்தவுடன் பாசிக்குள் புகுந்துகொள்ளும். மெல்லிய நைலான் நரம்பு அங்கே அறுந்து, முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். கொக்கின் காலில் நரம்பு சுற்றிக் கால் அழுகியதை யாம் கண்ணால் கண்டதுண்டு. திருப்பி விடும் மீனை நனைந்த கையால் பிடியுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பைத் துடைத்துவிடும். அதுவே அதற்குக் காப்பு.

பெரியோர்களே! இதுவரை வித்தையைக் கூறினோம். இனி எம் குற்றத்தைக் கூற வேண்டும்.

விராலைப் பிடிக்க, மேற்சொன்ன நான்கையும்விட எளிய வழி ஒன்று உண்டு. மழைக்காலத்தில் ஆண் விராலும் பெண் விராலும் சேர்ந்து பாசியை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டை நீரின்மேல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரியும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறமாய், ஆயிரக்கணக்கில், ஒரே பந்தாகத் திரண்டு நீந்தும். மூச்சுக்காகப் பந்து முழுவதும் ஒருங்கே மேலே வந்து, மழைத்துளி விழுந்தாற்போல் நீரைச் சிலிர்க்கச் செய்து, மீண்டும் அமிழும். கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். வாரக்கணக்கில் அந்தக் காவல் நீடிக்கும். பந்தின்மேல் எது விழுந்தாலும், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெற்ற மீன் பாய்ந்து கடிக்கும். அது இரைக்காகப் பாய்வதன்று, குஞ்சைக் காக்கப் பாய்வது. தூண்டிற்காரனுக்கோ அது தவறாத மீன்.

2021-ஆம் ஆண்டு ஆடி மாதம். எம் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு சனிக்கிழமை மாலை ஏரிக்கரையில் அந்தச் செந்நிறப் பந்தைக் கண்டோம். முறம் அளவு இருந்தது. மேற்சொன்ன வழியை முன்பே ஒருவர் எமக்குச் சொல்லியிருந்தார். செருப்புத் தவளையை அதன்மேல் வீசினோம். இரண்டாம் வீச்சிலேயே ஒன்றரைக் கிலோ விரால். காலனியில் அன்று எமக்குக் கிடைத்த பாராட்டு, பதவி உயர்விலும் கிடைத்ததில்லை. மறுநாள் காலை மகனை அழைத்துச் சென்று கழியை அவன் கையில் கொடுத்தோம். "அந்தச் சிவப்பின்மேல் போடு" என்று இடத்தையும் காட்டினோம். மீன் பாய்ந்தது. அவன் எண்ணினான், இழுத்தான், பிடித்தான். அவன் வாழ்வில் பிடித்த முதல் விரால் அது. துள்ளிக் குதித்தான்.

பின்பு நீரைப் பார்த்தான். குஞ்சுகள் அதே இடத்தில் மேலே வந்து வந்து போயின. "அப்பா, இவை யாருடைய குஞ்சுகள்?" என்று கேட்டான். சொன்னோம். "நேற்று நீங்கள் பிடித்தது?" என்றான். அதனையும் சொன்னோம். "இரண்டையும் பிடித்துவிட்டோமே, இனி இவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்றான். "அவை தாமே வளர்ந்துகொள்ளும், தந்தையில்லாமல் யாம் வளரவில்லையா?" என்று ஏதோ சொல்லி வைத்தோம். அதற்கு அவன், "உங்களுக்குப் பாட்டியாவது இருந்தார்கள்" என்றான்.

அன்று வீட்டில் விரால் குழம்பு. அவன் உண்ணவில்லை. எமக்கும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகம் விட்டுப் பேருந்து இறங்கியதும், அவன் கையில் வாளியோடு காலனி வாயிலில் நின்றான். இருவரும் ஏரிக்குச் சென்றோம். பந்து உடைந்திருந்தது. முறம் அளவு இருந்த சிவப்பு, ஆங்காங்கே கையளவாய்ச் சிதறிக் கிடந்தது. மீன்கொத்தி ஒன்று கிளைக்கும் நீருக்குமாய்ப் போய்வந்து கொண்டிருந்தது. நீருக்குள் ஜிலேபி மீன்கள் கூட்டமாய்ப் புகுந்து உண்டு கொண்டிருந்தன. அந்தியாவதற்குள் கொசுவலைத் துணியால் எடுத்த மட்டும் எடுத்து, வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். அவித்த மஞ்சட்கருவும், கொசுப்புழுவும், நறுக்கிய மண்புழுவும் இட்டோம். நாள்தோறும் சில மிதந்தன. சில ஒன்றையொன்று தின்றன. ஆறு வாரம் கழித்து எஞ்சியவை ஏழு. அவற்றை அதே ஏரியில், அதே கோரையடியில், மகன் தன் கையால் விட்டான். மூன்று வேளையும் முறை வைத்துப் பார்த்த நம் குடும்பத்தால், இரண்டு மீன்கள் செய்த வேலையில் நூற்றில் ஒரு பங்கும் செய்ய முடியவில்லை. அதன் பின் அவன் தூண்டிலைப் பரண்மேல் வைத்துவிட்டான். ஓராண்டுக்கு மேல் அதனைத் தொடவில்லை.

இதில் யாம் தனித்த பாவி அல்லோம் என்பதைப் பின்னர் படித்து அறிந்தோம். பாஸ் மீனிலும் ஆண் மீன் அடித்தரையைத் துடைத்துக் கூடு செய்து, முட்டையையும் குஞ்சையும் காக்கிறது. கூட்டின்மேல் பொய்யிரை விழுந்தால் பாய்கிறது. அங்குள்ள தூண்டிற்காரரும் அந்த எளிய வழியை அறிவர். அதனால்தான் வட அமெரிக்காவில் பல இடங்களில் அந்த மாதங்களில் பாஸ் பிடிக்கத் தடை வைத்துள்ளார்கள். நம் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒருவரும் கண்மாயில் இறங்காத கட்டுப்பாடும் இதற்கு உறவே. கேரளத்திலும் 2010-ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் உண்டு. புதுவெள்ளத்தில் முட்டையிட எதிரேறி வரும் மீன்களைப் பிடிப்பதை இங்கே 'ஊத்தப் பிடித்தம்' என்பர். அந்தச் சட்டத்தின்படி அது குற்றம். நம் ஊரில் ஊத்தா என்பது மீன் பிடிக்கும் கூடை. இங்கே ஊத்த என்பது பிடிக்கக் கூடாத மீன். எல்லை தாண்டி வந்தவர்கள் இந்தச் சொல் வேறுபாட்டைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

சிறுவர்களே! எம் மகனும் யாமும் இப்போது மீண்டும் ஏரிக்குச் செல்கிறோம். அவன் வகுத்த நிபந்தனைகளின்மேல் செல்கிறோம். செந்நிறப் பந்தைக் கண்டால் நூலைச் சுருட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட வேண்டும். புதுவெள்ளம் வந்தால் தூண்டில் பரண் ஏற வேண்டும். உயிர்த்தவளை, நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றின் பக்கமே போகக் கூடாது. குடும்பம் ஒரு வேளைக்கு உண்ணும் அளவு கிடைத்தால் போதும், சிறியதை விட்டுவிட வேண்டும். அறுந்த நரம்பைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றைக் கடைப்பிடிக்கத் தொடங்கியதிலிருந்து எமக்குக் கிடைக்கும் மீன் சற்றுக் குறைவு. வெறுங்கையோடு திரும்பும் ஞாயிறுகளும் உண்டு. அந்நாளில் இல்லத்தரசியார் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துத் தயாராகவே இருப்பார்கள்.

பெரியோர்களிடம் வேண்டுகோள் இதுவே. ஊராட்சியாரின் இசைவு பெற்று, ஏரிக்கரையில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை நாட்டச் சங்கம் ஆவன செய்தல் வேண்டும். "செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தின்மேல் தூண்டில் போடாதீர், கீழே தாய் இருக்கிறது" என்று எழுதினால் போதும். பலகைக்கும் வண்ணத்துக்கும் ஆகும் செலவை எம் குடும்பம் ஏற்கும். எழுத்தை எம் மகன் எழுதுவான். அவனுக்கு இப்போது எழுத்து நன்றாக வருகிறது.

இங்கே கூடியுள்ள நாம் பெரும்பாலோர் தாயை ஊரில் விட்டு வந்தவர்கள். சிலர் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு வந்தவர்கள். காவல் நிற்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் அந்தப் பலகை கரையில் நிற்கும் என்று நம்புகிறோம். செருப்புத் தவளை செய்யக் கற்க விரும்பும் சிறுவர்கள் வரும் ஞாயிறு காலை எம் வீட்டுக்கு வரலாம்.